காற்றை அளக்கக் கூடியவர்கள்

பினாங்குத் தீவின் நடுவே எழுந்து நிற்கும் மலைக்குத் தமிழர் வழங்கும் பெயர் கொடிமலை. மலாய் மொழியில் வழங்கும் பெயருக்கும் பொருள் அதுவே. துறைமுகத்தை நோக்கி வரும் கப்பல்களைக் கண்டு, அவற்றின் வரவைக் கொடியேற்றி நகரத்தார்க்கு உணர்த்திய காலத்தின் நினைவு அப்பெயரில் தங்கியுள்ளது. 800 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடைய அம்மலையிலிருந்து நோக்கினால், தெளிந்த நாளில் வடக்கே கெடாவின் ஜெராய் மலை தோன்றும். கடற்புறத்தில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வரை பார்வை செல்லும். வருகின்ற கப்பலை அறிய அத்தொலைவு போதும். வருகின்ற மழையை அறிய அது போதாது. பினாங்கில் பெய்யும் மழையின் பிறப்பிடம் ஒருகால் சுமத்ராவின் மலைச்சரிவாக இருக்கலாம். ஒருகால் தென்சீனக் கடலாக இருக்கலாம். அக்கடலைக் கலக்கும் வாடையோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், உறைபனி மூடிய சைபீரியப் பெருவெளியில் பிறக்கிறது.

தன் ஊரின் மழையை அறியப் பிற ஊரின் காற்றை அறிய வேண்டும் என்னும் இவ்வுண்மையை உலகம் உணர்ந்த வரலாறு நீண்டது. அவ்வரலாற்றில் மலேசிய மண்ணுக்குத் தனியிடம் உண்டு. 1978ஆம் ஆண்டு டிசம்பரில், பல நாட்டு வானிலை அறிஞர்கள் கோலாலம்பூரை நடுவிடமாகக் கொண்டு ஒன்றுகூடி, வடகிழக்குப் பருவக்காற்றை அளந்தனர். ‘குளிர்காலப் பருவக்காற்று ஆய்வு’ எனப்படும் அக்கூட்டு முயற்சியை நம்மவருள் அறிந்தோர் சிலரே. அதனை நினைவூட்டுவதும், பினாங்கு மக்களுக்கு அது இன்றும் உணர்த்துவது யாது என எண்ணிப் பார்ப்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

காற்றறிந்த முன்னோர்

திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை வழங்கியவர்கள் நம் முன்னோர். வடக்கிலிருந்து வீசுவது வாடை. தெற்கிலிருந்து வீசுவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. இவை புலவர் கற்பனையில் மட்டும் வாழ்ந்த பெயர்கள் அல்ல. உழவர்க்கும் பரதவர்க்கும் இவை தொழிற்சொற்கள்.

தென்மேற்குப் பருவக்காற்றின் துணையோடு வங்கக் கடலைக் கடந்து கிழக்கே வந்த மரக்கலங்கள், வடகிழக்குப் பருவக்காற்று எழுந்த பின்னர்த் தாயகம் திரும்பின. கடலிலிருந்து கரையை அடையாளங் காண ஜெராய் மலை உதவியது. அதன் அடிவாரத்திலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்து காணப்பட்ட கோயில் அடித்தளங்கள் அக்கால வணிகத் தொடர்பின் சான்றுகள். 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தை நோக்கி வந்ததும் இக்கடல் வழியேதான். அக்காலக் கடலோடி பருவத்தை அறிந்திருந்தான், நாளை அறிந்திலன். எந்தத் திங்களில் காற்றுத் திசை மாறும் என்பதைப் பழக்கம் அவனுக்குக் கற்பித்தது. எந்த நாளில் அது சீறும் என்பதை எவரும் கற்பிக்கவில்லை.

பிற்காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஆட்களை ஏற்றி வந்த நீராவிக் கப்பல்கள் காற்றுக்காகக் காத்திருக்கவில்லை. 1926இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய ‘ரஜூலா’வின் பெயரை அறியாத முதிய தலைமுறையினர் நம்மிடையே அரியர். எனினும், கப்பலைவிட்டு இறங்கித் தோட்டம் புகுந்த தொழிலாளியை வானிலை விட்டுவிடவில்லை. இரப்பர் மரத்தின் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட இயலாது. வெட்டிய தடத்தின் வழியே வடிய வேண்டிய பால், ஈரப்பட்டையெங்கும் வழிந்து வீணாகும். விடியற்காலைப் பெரட்டில் நின்றவர் வானத்தை அண்ணாந்து பார்த்தது அதன் அழகை நுகர்வதற்கன்று. மழை பெய்தால் வெட்டு இல்லை. நாட்கூலி பெற்றவர்க்கு வெட்டு இல்லையேல் வருவாயும் இல்லை. அவர்தம் வீட்டில் அன்று அடுப்பெரியுமா என்பதை வானம் முடிவு செய்தது.

அளவையின் தொடக்கம்

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலேயர் குடியிருப்பை நிறுவினார். ஆறாண்டுகள் கழித்து, 1792இல், சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வுக் கூடம் அமைந்தது. விண்மீன்களை நோக்கவும் கடல்வழிகளைத் துல்லியமாகக் கணிக்கவும் எழுந்த அக்கூடத்தில் வெப்பமும் காற்றழுத்தமும் முறையாகக் குறிக்கப்படலாயின. நீரிணைக் குடியேற்றங்கள் 1867 வரை இந்திய ஆட்சியின் கீழ் இருந்தமையால், இப்பகுதியின் தொடக்ககால அறிவியல் முயற்சிகளும் வங்கக் கடலின் மறுகரையோடு தொடர்புடையனவாயின. சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த சார்லஸ் எலியட் என்னும் அலுவலர், 1841 முதல் 1845 வரை சிங்கப்பூரில் புவிக்காந்த ஆய்வுக் கூடம் ஒன்றை நடத்தி, வானிலை அளவைகளையும் பதிவு செய்தார். கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் வங்கக் கடற்புயல்களைப் பற்றிய கப்பல் தலைவர்களின் குறிப்பேடுகளைத் திரட்டி ஆராய்ந்து, 1848இல் வெளியிட்ட தம் நூலில் சுழன்று வீசும் புயலுக்குச் ‘சைக்குளோன்’ என்னும் பெயரை வழங்கினார்.

மலாயாவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மழையளக்கும் பொறுப்பு மருத்துவத் துறையினரிடம் இருந்தது. காய்ச்சலுக்கும் காற்றுக்கும் தொடர்புண்டு என்று நம்பப்பட்ட காலம் அது. மருத்துவமனை வளாகத்தில் மழைமானி நிற்கும். மருத்துவமனைப் பணியாளரே அதன் அளவைக் குறிப்பார். இவ்வாறு சேர்ந்த எண்கள் ஆண்டறிக்கைகளை நிரப்பினவேயன்றி, மறுநாளைய வானிலையை எவர்க்கும் கூறவில்லை. 1929இல்தான் மலாயா வானிலைச் சேவை எனத் தனித்துறை ஒன்று தோன்றியது. விமானப் போக்குவரத்து வளர்ந்துவந்த காலம் அது. வானூர்திக்கு வானத்தின் நிலை தெரிந்தாக வேண்டும். சிங்கப்பூர் 1965இல் மலேசியாவினின்று பிரிந்தபின், இரு நாடுகளும் தத்தமக்குரிய வானிலைத் துறைகளை நடத்தலாயின.

எண்களைத் திரட்டுவது ஒரு பணி. அவற்றை இணைத்து நோக்குவது பிறிதொரு பணி. அவ்விரண்டாம் பணியைப் பெரிய அளவில் செய்தவர், 1904 முதல் 1924 வரை இந்திய வானாய்வு நிலையங்களின் தலைமை இயக்குநராக விளங்கிய சர் கில்பர்ட் வாக்கர். பருவமழை பொய்த்தால் இந்தியா பஞ்சத்தில் வாடும். அப்பொய்ப்பை முன்னறிய வழியுண்டா என்று தேடிய அவர், இந்தியாவின் எண்களை மட்டும் வைத்துக்கொண்டு விடை காண இயலாது எனத் தெளிந்தார். உலகின் பல மூலைகளிலிருந்து காற்றழுத்தக் குறிப்புகளைப் பெற்று ஒப்பிட்டார். பசிபிக் கடற்புறத்தில் அழுத்தம் உயர்ந்திருக்கும் காலத்தில், இந்தியப் பெருங்கடற்புறத்தில் அது தாழ்ந்திருப்பதையும், பின்னர் நிலை மாறுவதையும் கண்டு, அதனைத் ‘தெற்கத்திய ஊசல்’ என்றார். அவ்வூசலின் மேற்கு முனையை ஒட்டியே நம் மலாய்த் தீவுக்கூட்டம் அமைந்துள்ளது.

வாக்கரைத் தமிழர் நினைவிற்கொள்ள வேறொரு காரணமும் உண்டு. 1913 பிப்ரவரியில் சென்னைக்கு வந்திருந்தபோது, துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ஓர் இளைஞரின் கணக்குகளை அவர் கண்டார். அவ்விளைஞருக்கு ஆய்வுதவி அளிக்க வேண்டுமெனச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். அவ்விளைஞரே சீனிவாச இராமானுசன்.

பகைநாடுகள் பகிர்ந்த கடல்

வாக்கர் காலத்தில் அறிஞர்கள் கடிதங்களின் வாயிலாகக் கூடினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடுகளே கூடின. 1950இல் உலக வானிலை நிறுவனம் அமைந்தது. செயற்கைக்கோள்களும் கணிப்பொறிகளும் வந்தபின், உலகின் வளிமண்டலம் முழுவதையும் ஓராண்டுக்காலம் ஒருங்கே அளந்து பார்ப்பது என்னும் பெருந்திட்டம் உருவாயிற்று. 1978 டிசம்பர் முதல் நாளில் அவ்வாண்டு தொடங்கியது. அதன் ஓர் உறுப்பே பருவக்காற்று ஆய்வு. கோடைகாலக் கட்டம் இந்தியாவையும் அதனைச் சூழ்ந்த கடல்களையும் மையமாகக் கொண்டு 1979இல் நடைபெற்றது. குளிர்காலக் கட்டம் 1978 டிசம்பர் 1 முதல் 1979 மார்ச் 5 வரை தென்சீனக் கடற்பகுதியில் நடைபெற்றது. அதன் செயல்மையம் கோலாலம்பூர்.

மலேசியாவுக்கு இவ்வாய்வு ஏட்டளவான ஆர்வமன்று. வடகிழக்குப் பருவக்காற்று வலுக்கும்போது கிளந்தான், திரங்கானு, பகாங் ஆகிய கிழக்குக்கரை மாநிலங்கள் வெள்ளத்தில் மூழ்குவது ஆண்டுதோறும் அஞ்சத்தக்க நிகழ்ச்சி. 1967 சனவரியில் கிளந்தானும், 1971 சனவரியில் கோலாலம்பூர் மாநகரும் கண்ட பெருவெள்ளங்கள் மக்கள் மனத்திலிருந்து அகலாதிருந்த காலம் அது. மழை எப்போது வலுக்கும் என்பதை இரண்டு நாள் முன்னதாக அறிய முடியுமாயின், எத்தனையோ உயிர்களைக் காக்கலாம்.

ஆய்வுக்கென வந்து சேர்ந்த கருவிகளும் அவற்றை அனுப்பிய நாடுகளும் எண்ணி வியக்கத்தக்கன. தென்சீனக் கடலில் சோவியத் ஒன்றியத்தின் மூன்று கப்பல்கள் முக்கோணமாக நின்று, வானில் பலூன்களை விட்டுக் காற்றை அளந்தன. அக்கடலின்மீது அமெரிக்க ஆய்வு விமானங்கள் பறந்தன. சரவாக்கின் பிந்துலுவில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ராடார் நிறுவப்பட்டு மழைமுகில்களை நோக்கியது. 1977இல் ஜப்பான் ஏவிய செயற்கைக்கோள் மேலிருந்து முகிற்படங்களை அனுப்பியது.

அந்நாள்களில் இக்கடலின் நிலை என்ன? வல்லரசுகளின் பனிப்போர் ஓயவில்லை. வியட்நாமிலிருந்து சிறு படகுகளில் தப்பி வந்த அகதிகளுக்காகத் திரங்கானுக் கடற்கரைக்கு அப்பாலுள்ள பீடோங் தீவில் 1978 ஆகஸ்டில் முகாம் திறக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் வியட்நாமியப் படை கம்போடியாவினுள் புகுந்தது. 1979 பிப்ரவரியில் சீனாவுக்கும் வியட்நாமுக்கும் போர் மூண்டது. ஆய்வு நடந்த திங்கள்களிலேயே இவை அனைத்தும் நிகழ்ந்தன. அறிஞர்கள் அளந்துகொண்டிருந்த அதே வாடைக் காற்று, ஏதிலியரின் படகுகளையும் அலைக்கழித்தது. அத்தகைய வேளையிலும் ஒரு தரப்பின் கப்பல் அளந்த எண்ணும் மறுதரப்பின் விமானம் அளந்த எண்ணும் ஒரே ஆய்வுக்குப் பயன்பட்டன. அரசுகள் ஒன்றையொன்று ஐயுற்றிருந்தன. காற்றைப் பற்றிய செய்தியில் மட்டும் ஒளிவுமறைவு இருக்கவில்லை. ஏனெனில், ஒளித்து வைத்தால் ஒளித்தவர்க்கும் அதனால் பயனில்லை.

இம்முயற்சியில் தமிழ்நாட்டில் பிறந்தவர் ஒருவரின் பங்கும் உண்டு. 1932இல் சென்னையில் பிறந்து, அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய டி. என். கிருஷ்ணமூர்த்தி, பருவக்காற்று ஆய்வில் முன்னின்றவர்களுள் ஒருவர். டிசம்பர் மாதக் களப்பணியைப் பற்றி 1979இல் அமெரிக்க வானிலைக் கழகத்தின் இதழில் வெளிவந்த அறிக்கையை எழுதிய இருவருள் அவரும் ஒருவர். 1985இல் அக்கழகத்தின் உயர் விருதான ராஸ்பி பதக்கம் பெற்ற அவர், 2018இல் மறைந்தார்.

அறியப்பட்டவை

1981 அக்டோபரில், பருவக்காற்று ஆய்வின் முடிவுகளைப் பற்றிய அனைத்துலக மாநாடு பாலித் தீவில் கூடியது. களத்தில் அளந்தவற்றைக் கருத்தாக மாற்றும் பணி அங்கும் அதன் பின்னரும் தொடர்ந்தது. அவற்றுள் இரண்டு முடிவுகளை மட்டும் இங்குக் கூறலாம்.

முதலாவது, குளிர்காற்றுப் பெருக்கு. சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் குளிர்ந்து கனத்த காற்று, அணை உடைத்த நீர்போலத் தெற்கே பாய்கிறது. சீனக் கடற்கரையைக் கடந்த ஓரிரு நாள்களுள் தென்சீனக் கடலின் தென்பகுதியில் காற்று வலுக்கிறது. வெதுவெதுப்பான கடலைக் கடந்து வருகையில் ஈரத்தைச் சுமந்துகொள்ளும் அக்காற்று, நில நடுக்கோட்டை நெருங்கியதும் பெருமழையாகப் பொழிகிறது. போர்னியோவின் வடமேற்கே அடிக்கடி தோன்றும் காற்றுச்சுழலும் அம்மழைக்குத் துணை நிற்கிறது. ஆக, கிளந்தானில் வெள்ளம் வருமா என்பதை அறிய விரும்புபவர் முதலில் வடக்கே சீனாவின் காற்றழுத்தத்தை நோக்க வேண்டும்.

இரண்டாவது, பிந்துலு ராடார் கண்ட உண்மை. போர்னியோவின் கரையோரக் கடலில் மழைமுகில்கள் பகலில் அல்ல, நள்ளிரவை ஒட்டித் திரளத் தொடங்கின. இரவில் நிலம் குளிர்வதால் கடலை நோக்கி வீசும் தரைக்காற்று, எதிரே வரும் பருவக்காற்றைச் சந்திக்கிறது. சந்திக்கும் இடத்தில் காற்று மேலெழுந்து முகிலாகிறது. காலையில் அது பெருந்திரளாக விரிந்து, நண்பகலுக்குப் பின் கரைகிறது. கண்டமளாவிய காற்றும் கரையோரச் சிறுகாற்றும் சேர்ந்தே மழையைத் தீர்மானிக்கின்றன என்பது இதனால் தெளிவாயிற்று. பெரியதை மட்டும் நோக்கினாலும் போதாது. சிறியதை மட்டும் நோக்கினாலும் போதாது.

இவ்வறிவு ஏட்டில் உறங்கவில்லை. 2001 டிசம்பர் 27 அன்று, நில நடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றரைப் பாகையளவில் ‘வாமெய்’ என்னும் சூறாவளி தோன்றி ஜொகூரில் கரையேறியது. பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பும் விசை நில நடுக்கோட்டருகே மிக நலிந்தது. ஆதலின் அங்குச் சூறாவளி உருவாவது மிக அரிது என்பது அதுவரை நிலவிய கருத்து. வலிய குளிர்காற்றுப் பெருக்கும் போர்னியோச் சுழலும் கூடியதே அதன் பிறப்புக்குக் காரணம் என அறிஞர்கள் பின்னர் விளக்கினர். 1978இல் ஆராயப்பட்ட அதே இரண்டு கூறுகள்!

காப்பு என்னும் நம்பிக்கை

இவையெல்லாம் கிழக்குக்கரையின் கதையல்லவா, பினாங்குக்கு இவற்றால் என்ன என்று சிலர் வினவலாம். நம் தீவுக்குக் கிழக்கே தீபகற்பத்தின் மலைத்தொடர், மேற்கே சுமத்ரா. வடகிழக்குக் காற்றை ஒன்றும் தென்மேற்குக் காற்றை மற்றொன்றும் தடுக்கின்றன. அதனால் இங்கு மழை மிகுவது பருவங்கள் மாறும் செப்டம்பர், அக்டோபர் திங்கள்களிலேயே. வைகறையில் நீரிணையைக் கடந்து வந்து சிறிது நேரம் சீறிச் செல்லும் ‘சுமத்ரா’க் காற்றே மீனவர் அஞ்சிய பகை. ஆகவே, பினாங்கு காப்புற்ற ஊர் என்னும் நம்பிக்கை வேரூன்றியிருந்தது.

2017 நவம்பர் 4 அந்த நம்பிக்கையைக் குலைத்தது. தாய்லாந்து வளைகுடாப் பக்கமிருந்து நகர்ந்து வந்த தாழ்வழுத்தம் ஒன்றால், அன்று பகல் தொடங்கிய மழை இரவெல்லாம் ஓயாது கொட்டியது. மரங்கள் வேரோடு சாய்ந்தன. வீடுகளுக்குள் இடுப்பளவு நீர் புகுந்தது. எழுவர் உயிரிழந்தனர். மலைகள் காற்றைத் தடுத்தனவேனும், மலைகளைச் சுற்றி வந்த காற்றைத் தடுக்கவில்லை.

இவ்வழியே வரும் ஆபத்து இரு கரையினர்க்கும் பொதுவானது. 1989 நவம்பரில் தாய்லாந்து வளைகுடாவில் உருவான ‘கே’ என்னும் சூறாவளி, தீபகற்பத்தின் ஒடுங்கிய பகுதியைக் கடந்து வங்கக் கடலுள் இறங்கி, ஆந்திரக் கடற்கரையைத் தாக்கியது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்து, பயணிகளோடு தொடர்வண்டியைக் கடலுக்குள் இழுத்துச் சென்ற புயலும், அந்தமான் கடலின் தென்பகுதியில் தாழ்வழுத்தமாகத் தோன்றியதே. 2025 நவம்பர் இறுதியில் மலாக்கா நீரிணையிலேயே ‘சென்யார்’ என்னும் புயல் உருவாகிச் சுமத்ராவில் பேரழிவை விளைத்தபின் மலேசியத் தீபகற்பத்துக்கும் வந்தது. அதே வாரத்தில் ‘தித்வா’ புயல் இலங்கையைச் சிதைத்தது. ஜார்ஜ் டவுனிலிருந்து காணத்தக்க கடலில் பிறந்த சென்யாருக்குப் பெயர் சூட்டிய அலுவலகம் புதுடில்லியில் உள்ளது. வங்கக் கடற்புயல்களைக் கண்காணிக்கும் பொறுப்பு அதனுடையது. மலேசியாவோ, 1968இல் அமைந்த மேற்குப் பசிபிக் சூறாவளிக் குழுவின் உறுப்பு நாடு. இரண்டு கடல்களுக்கு இடைப்பட்ட நமக்கு இரு பக்கத்தாரின் செய்தியும் இன்றியமையாதது.

செய்தி சென்று சேரும் இடம்

எனினும், கூடி அளந்தால் மட்டும் போதுமா? 1978இல் கூடியவர்களின் உழைப்பு முழுமை பெறுவது ஆய்வரங்கில் அன்று; மீனவர் படகை நீரில் தள்ளும் மணற்கரையிலும், ஆற்றோரத் தாழ்நிலத்தில் உறங்கும் குடும்பத்தின் வாயிற்படியிலும்தான். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கைக்கு நிறம் குறித்தாயிற்று. அந்நிறத்தின் பொருளைத் தம் மொழியில் கேட்டறியாத முதியவர்க்கு மூன்று நிறமும் ஒன்றே. எச்சரிக்கையைக் கேட்டும், “நம் ஊருக்கு ஒன்றும் வராது” என்று இருந்துவிடுபவர்க்கு எந்தச் செயற்கைக்கோளும் உதவாது. அறிவியற் செய்தியை எளிய தமிழில் எடுத்துரைப்பது, எழுதுகோல் பிடித்தவர் அனைவர்க்கும் உரிய கடமை. வாடையும் கொண்டலும் வழங்கிய மொழிக்கு அது அரிய செயலும் அன்று.

கிரீன்விச் கணக்கில் நள்ளிரவையும் நண்பகலையும் ஒட்டி, உலகெங்கும் உள்ள வானிலை நிலையங்கள் கருவி கட்டிய பலூன்களை வானில் விடுகின்றன. நண்பர் நாடாயினும் பகைவர் நாடாயினும் நேரம் ஒன்றே. தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் 1978இல் அந்நேரத்தைக் காலை ஏழரை என்று காட்டின; 1982இல் நேரம் மாற்றப்பட்டபின் எட்டு என்று காட்டுகின்றன. பினாங்கின் பாயான் லெப்பாசும் அந்நிலையங்களுள் ஒன்று. உலகப் பட்டியலில் அதன் எண் 48601. அங்கிருந்து எழும் பலூன் அளந்து சொல்லும் எண், சென்னையில் இருப்பவர்க்கும் பயன்படும். சீனாவில் இருப்பவர்க்கும் பயன்படும். அவர்கள் அளப்பது நமக்குப் பயன்படும். கொடிமலையில் ஏறிய கொடி ஒரு நகருக்குச் செய்தி சொன்னது. அதன் பணியை இன்று ஏற்றுள்ள இச்சிறு பலூனோ, தன் செய்தியை எல்லோர்க்கும் சொல்கிறது.